வஹாக்காவுக்குப் புறப்படுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மெக்சிகோவில் பசிபிக் கடலை ஒட்டி எழும் மலை மாநிலம் வஹாக்கா. தலைநகருக்கும் அதே பெயர்தான். முழுப்பெயர் வஹாக்கா தெ ஹுவாரெஸ். இம்மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் 1806இல் சபோதெக் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் நாட்டின் அதிபரான பெனிதோ ஹுவாரெஸின் நினைவாக அமைந்த பெயர் அது. அங்கே போய்வந்த நாளிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ இருந்தால் மெக்சிகோவுக்கெனத் தனி விசா தேவையில்லை. நீங்கள் மெக்சிகோவில் இருக்கும் நாள் முழுவதும் அந்த விசா உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா இல்லாமலே அனுமதி உண்டு. விதிகள் மாறக்கூடியவை; டிக்கெட் எடுக்குமுன் மெக்சிகோ தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா கேட்பார்கள். அடுத்து, சுற்றுலாப் பயணிக்கு அதிகபட்சம் 180 நாள் என்றாலும் எத்தனை நாள் என்று எழுதுவது குடிவரவு அதிகாரிதான். முத்திரையில் எழுதியிருக்கும் எண்ணைக் கவுண்டரை விட்டு நகருமுன் படித்துப் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் உறைத்தாலும் இரவு குளிர்ந்துவிடும். மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போதும் நாள் முழுக்கப் பெய்வதில்லை. பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மலைகளின் பசுமையைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான பருவம். ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் வெப்பமும் தூசியும் அதிகம்.

திருவிழாக்களில் மூன்று முக்கியமானவை. ஜூலை 16க்குப் பிறகு வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் கெலகெத்சா: மாநிலத்தின் ஒவ்வொரு வட்டாரமும் தன் ஆட்டத்தையும் உடையையும் விளைபொருளையும் கொண்டுவரும் விழா. டிசம்பர் 23 அன்று முள்ளங்கி இரவு: பெரிய சிவப்பு முள்ளங்கிகளைச் சிற்பமாகச் செதுக்கி நகரச் சதுக்கத்தில் வைப்பார்கள், 1897 முதல் நடக்கிறது. மூன்றாவது, அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை இறந்தோரை வரவேற்கும் நாட்கள்.

இந்த மூன்றாவதற்குப் போவதென்றால் அறையை ஆறு மாதம் முன்னதாகவே பிடித்துவிடுங்கள். அத்துடன் ஒரு வேண்டுகோள். சமாதிகளைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நமக்காக உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். தாயையோ பிள்ளையையோ நினைத்து மெழுகுவத்தி ஏற்றி, விடிய விடிய விழித்திருக்கிறார்கள். அந்த முகங்களுக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வாசலில் விற்கும் செண்டுப்பூவை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, கவனிப்பாரில்லாத ஒரு சமாதியின் மேல் வைத்துவிட்டு அமைதியாக நடந்து வாருங்கள். நம் ஊர் துலுக்கச் சாமந்திக்குப் பூர்வீகம் மெக்சிகோதான். அந்த வாசனையில் அங்கே யாருக்கும் அந்நிய மண் என்று தோன்றாது.

எப்படிப் போய்ச் சேருவது?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ மெக்சிகோ சிட்டி போய், அங்கிருந்து ஒரு மணி நேர உள்நாட்டு விமானத்தில் வஹாக்கா சேரலாம். பஸ்ஸும் நன்றாக இருக்கிறது: மெக்சிகோ சிட்டியின் தாப்போ பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம். பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். தெஹுவாகானைத் தாண்டியதும் மலைச்சரிவெங்கும் தூண் தூணாகக் கள்ளிகள் நிற்கும்.

இந்திய நேரத்துக்கும் அந்த ஊர் நேரத்துக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். வந்து இறங்கிய அன்று எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எத்தனை நாள் ஒதுக்கலாம்? எதை முதலில் பார்ப்பது?

நகரத்துக்கும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குக்கும் ஒரு வாரம். கடற்கரைக்கும் போவதென்றால் இன்னும் நான்கு நாள். ஐந்து நாள்தான் இருக்கிறது என்பவர்களிடம் கடலை விட்டுவிடச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்து நாட்களை அடுக்காதீர்கள். சந்தை நாட்களை வைத்து அடுக்குங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வாரச்சந்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. புதன்கிழமை ஏத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஓகோத்லான், ஞாயிறு த்லாகோலூலா. சனிக்கிழமை நகரத்தின் பெரிய மொத்தச் சந்தையான அபாஸ்தோஸ் நிரம்பி வழியும். எல்லாரும் எழுதிவைத்துக்கொண்டு வரும் மற்ற இடங்கள் இந்த ஊர்களுக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. ஞாயிறன்று த்லாகோலூலாவுக்குக் கிளம்பினால், அடிமரத்தின் சுற்றளவு சுமார் 42 மீட்டர் கொண்ட தூலே மரம் வழியில் வருகிறது. நெசவுக் கிராமமான தேயோதித்லான் வருகிறது. இன்னும் கொஞ்சம் போனால் பழங்காலக் கட்டட இடிபாடுகள் நிற்கும் மித்லா. வெள்ளியன்று ஓகோத்லான் என்றால், கருப்பு மண்பாண்டம் வனையும் சான் பார்த்தோலோ கொயோதெபெக்கும், கோபால் மரத்தில் வண்ண விலங்குகள் செதுக்கும் சான் மார்த்தின் தில்காஹேதேயும் அதே சாலையில். சந்தை நாளில் போனால் பஸ்ஸும் பகிர்வு டாக்ஸியும் அடுத்தடுத்துக் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

ஒரு சந்தைக்குத்தான் நேரம் என்றால்?

த்லாகோலூலா. காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பேஸ்பால் மைதானத்துக்கு அருகிலிருந்து பஸ்களும் பகிர்வு டாக்ஸிகளும் கிளம்பும். போகிற ஊரின் பெயர் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும்.

பெரிய தெருவில் தார்ப்பாய் நிழலில் நீளும் கடைகளில் முதலில் பிளாஸ்டிக் சாமான்கள்தான் கண்ணில் படும். ஏமாந்து திரும்பிவிட வேண்டாம். உள்ளே போகப் போகச் சந்தை தன் முகத்தைக் காட்டும். தலையில் பூத்துணியைச் சுற்றிக் கட்டிய பெண்கள் உயிருள்ள வான்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி எடை பார்ப்பார்கள். மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி ஐந்து ஐந்தாகக் கூறு கட்டிய எலுமிச்சையை மட்டும் விற்றுக்கொண்டிருப்பார். மேசைமேல் பெரிய மண்சட்டியில் தெஹாதே இருக்கும்: மக்காச்சோளம், கொக்கோ, மாமே பழக்கொட்டை, கொக்கோப்பூ என்று அழைக்கப்படும் ஒரு மலர் எல்லாவற்றையும் அரைத்துக் கையால் பிசைந்து, உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி நுரை எழுப்பிய பானம். மேலே மிதக்கும் வெள்ளை நுரை பார்க்கத் திரிந்த பால்போல இருக்கும். சுவை அப்படியல்ல; குளிர்ந்த, லேசாகக் கசக்கும், மண்வாசனையுள்ள சுவை. சுரைக்குடுவையில் தருவார்கள், நின்றபடியே குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தெரியாமலே பன்றிக் கொழுப்பைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

அங்கே "கார்னே" என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிதான் நினைவுக்கு வரும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொடுப்பது மிகச் சாதாரணம். "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று முழுதாகச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். அடுத்த சிக்கல் கொழுப்பு. த்லாயூதா என்ற பெரிய மொறுமொறுப்பான மக்காச்சோள ரொட்டியின்மேல் முதலில் தடவுவதே அசியெந்தோ என்னும் பன்றிக் கொழுப்பு. அதன்மேல் தடவும் பீன்ஸ் மசியலிலும் கொழுப்பு இருக்கக்கூடும். "சின் அசியெந்தோ, சின் மந்தேகா" என்று சொன்னால் இரண்டையும் தவிர்க்கலாம். சிவப்புச் சோறும் மோலே குழம்புகளும் பெரும்பாலும் கோழிச்சாற்றில்தான் தயாராகின்றன. "யேவா கால்தோ தே போயோ?" என்றால், கோழிச்சாறு சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வி.

நம்பிச் சாப்பிடக்கூடியவை நிறைய உண்டு. நூல் நூலாகப் பிரியும் கெசீயோ பாலாடைக்கட்டியும் பூசணிப்பூவும் வைத்து மடித்த கெசதியா. பீன்ஸ் வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்ட தெதெலா. வெண்ணெய்ப்பழம், வாட்டிய கள்ளி மடல், வேகவைத்த சோளக்கதிர். பாலாடைக்கட்டியில், பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்திருக்கலாம். கண்டிப்பான சைவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நகர மையத்தில் முழுச் சைவ உணவகங்களும் இருக்கின்றன. ஆனால் சந்தையில் ஒரு பெண்மணி மண் தோசைக்கல்லில் கண்ணெதிரே சுட்டுத் தரும் தெதெலாவுக்கு எந்த உணவகமும் ஈடாகாது.

சாப்பாடு காரமாக இருக்குமா?

நாம் எதிர்பார்க்கும் வகையில் இல்லை. மிளகாயை அவர்கள் காரத்துக்காக மட்டும் பயன்படுத்துவதில்லை. நிறத்துக்கு, புகைமணத்துக்கு, லேசான இனிப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மிளகாய். வஹாக்காவுக்கு ஏழு மோலே என்பார்கள். அவற்றில் கருப்பு மோலே வறுத்துக் கருக்கிய மிளகாய், எள், கொட்டைப்பருப்பு, வாசனைப்பொருள்கள், கொஞ்சம் சாக்லேட் என இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்த குழம்பு. முதல் வாயில் இனிப்பு, பிறகு கசப்பு, கடைசியில்தான் காரம். மேசைமேல் கிண்ணத்தில் தனியாக வைக்கும் சல்சாவில் கவனம் தேவை. ஆபனேரோ மிளகாய் சேர்ந்ததென்றால் நம் நாக்கும் பணிந்துவிடும்.

மெக்சிகோவில் பயிராகத் தொடங்கிய மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டோம். அதன் பிறந்த வீட்டைப் பார்க்க மீனா தெருவுக்குப் போங்கள். 20 தெ நொவியெம்ப்ரே சந்தையை ஒட்டிய இந்தத் தெருவில் மில்கள் வரிசையாக இருக்கின்றன. கொக்கோக் கொட்டை, பட்டை, பாதாம், சர்க்கரை இவ்வளவு இவ்வளவு என்று சொன்னால், எடைபோட்டு அங்கேயே அரைத்துத் தருவார்கள். சூடாக வழியும் சாக்லேட்டை ஒரு விரல் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மிளகாய்த்தூள் அரைக்க வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, அந்த இரைச்சலும் காற்றில் நெடியும் வீட்டை நினைவூட்டின.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

கூடாது. கேன் தண்ணீர்தான். பல் துலக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றும் உண்டு. வஹாக்கா நகரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானது. பல குடியிருப்புகளுக்குக் குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வருகிறது. மீதிக்கு லாரித் தண்ணீர். வறண்ட மாதங்களில் விடுதியில் அரை மணி நேரம் குளிப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைத்தான் செலவழிக்கிறார். வாளியை எண்ணிப் புழங்கிப் பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மோந்தே அல்பான், மித்லா இரண்டையும் பார்க்க வேண்டுமா?

இரண்டையும். மோந்தே அல்பான் ஏறக்குறைய கி.மு. 500இல் சபோதெக் மக்கள் மலையுச்சியைச் சமன்படுத்தி எழுப்பிய தலைநகரம். பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். நிழல் இல்லை, காலையில் திறந்தவுடன் தொப்பியோடு போய்விடுங்கள். 1932இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ அங்கே ஏழாம் எண் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த தங்க, டர்க்காய்ஸ் நகைகள் நகரத்தின் சாந்தோ தொமிங்கோ மடத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலைக்குப் போன அன்றே பிற்பகலில் அதையும் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மித்லா சிறியது, ஆனால் சுவரருகே போய் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான கற்துண்டுகளைச் சாந்து இல்லாமல் பொருத்தி அலையலையான கோலங்களை அமைத்திருக்கிறார்கள். அதே பக்கத்தில், மித்லாவை அடுத்த கிலா நகித்ஸ் குகையில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான பூசணி விதைகளும் 6,000 ஆண்டுகளுக்கும் பழமையான மக்காச்சோளக் கதிர்த் துண்டுகளும் கிடைத்தன.

உறைந்த அருவிபோல் நிற்கும் சுண்ணாம்புப் பாறையான இயெர்வே எல் அகுவாவுக்கு மித்லாவிலிருந்து பகிர்வு வண்டிகள் போகும். தண்ணீர் கொதிக்கிறது என்பது பெயரின் பொருள், தண்ணீர் சுடாது. உள்ளூர்க் கிராமங்களுக்கிடையிலான தகராறால் சில காலம் மூடியிருந்த இடம் இது. முந்தைய நாள் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கம்பளம் வாங்கலாமா? பேரம் பேசலாமா?

வாங்குங்கள், நெய்தவர் வீட்டிலேயே. தேயோதித்லானில் ஒரு வீட்டு முற்றத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். அந்த அம்மாள் மூன்று கால் வைத்த அம்மிபோன்ற மெதாதே கல்முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் காய்ந்த பூச்சிகள், ஒவ்வொன்றும் மிளகைவிடச் சிறியது. சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சி. நாலு இழுப்பு அரைத்ததும் கல் முழுக்க ரத்தச் சிவப்பு. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சாக மாறியது. இன்னொரு சிட்டிகையில் சுண்ணாம்பு தொட்டார், ஊதா. காலனிக் காலத்தில் மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இந்தச் சிவப்புக்குத்தான். அந்த வருமானத்தில் பங்கு கேட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார்.

பேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று துண்டு வாங்கும்போது விலை குறையுமா என்று ஒருமுறை கேட்பது தவறில்லை. ஒரு கம்பளத்தில் கம்பளி நூற்று, சாயம் தோய்த்து, மிதிதறியில் வாரக்கணக்கில் நெய்த உழைப்பு இருக்கிறது. அதைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். மலிவாக வேண்டுமானால் செயற்கைச் சாயமிட்ட சிறிய துண்டு வாங்கலாம். எது எந்தச் சாயம் என்று கேட்டால் நேர்மையான நெசவாளர் மறைக்கமாட்டார். பளபளப்பாக மெருகிட்ட கருப்பு மண்பாண்டத்தில் தண்ணீர் ஊற்றிவைக்காதீர்கள்; கசியும். அது அழகுக்கு மட்டும்.

பணம்?

சந்தை, கிராமம், டாக்ஸி எங்கும் ரொக்கம்தான். 500 பேசோ நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம், விடுதியிலேயே உடைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைக்குள் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள், அந்த விகிதம் நமக்கு நஷ்டம். டாக்ஸியில் மீட்டர் இல்லை, ஏறுமுன் தொகையைப் பேசிவிட வேண்டும். உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ்.

ஆங்கிலம் போதுமா?

விடுதியில் போதும், சந்தையில் போதாது. பல கிராமங்களில் ஸ்பானிஷே இரண்டாம் மொழி; முதல் மொழி சபோதெக்கோ மிஷ்தெக்கோ. கடைக்குள் நுழைந்ததும் "புவெனோஸ் தியாஸ்", மதியத்துக்குப் பிறகு "புவெனாஸ் தார்தெஸ்" என்று வாழ்த்தாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. உணவகத்தில் பக்கத்து மேசையைக் கடக்கும்போது "ப்ரொவேச்சோ" என்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. நீங்களும் சொல்லுங்கள்.

பாதுகாப்பான இடமா?

நகரத்திலும் பள்ளத்தாக்கிலும் வழக்கமான எச்சரிக்கை போதும். ஊர்களுக்கிடையே இரவில் கார் ஓட்டாதீர்கள். சாலை மறியல் அடிக்கடி நடக்கும். ஆசிரியர்களும் கிராமத்தாரும் தங்கள் கோரிக்கைக்காக நெடுஞ்சாலையை மறிப்பார்கள். அதைத் தாண்டிப்போக முயல வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். காத்திருங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே நகரத்துக்கு வந்துவிடுவது இதற்காகத்தான்.

நிலநடுக்கம் அங்கே அன்றாட உண்மை. 2017 செப்டம்பரில் தெஹுவாந்தெபெக் வளைகுடாவில் 8.2 அளவிலும், 2020 ஜூனில் கடற்கரையை ஒட்டி 7.4 அளவிலும் வந்தது. எச்சரிக்கை ஒலி கேட்டால் சில நொடிகள்தான் அவகாசம். தங்கும் அறையிலிருந்து வெளியேறும் வழியை முதல் நாளே நடந்து பார்த்து வையுங்கள்.

கடற்கரைக்கு எப்படிப் போவது? குளிக்கலாமா?

2024 பிப்ரவரியில் திறந்த புதிய நெடுஞ்சாலையால் கடற்கரை ஊரான புவேர்தோ எஸ்கொந்திதோ இப்போது மூன்று மணி நேரத் தூரம். முன்பு வளைந்து வளைந்து ஆறேழு மணி நேரம். பழைய மலைப்பாதையில் போவதென்றால் வாந்தி மாத்திரை கட்டாயம்.

குளிப்பதில் பிடிவாதமாக இருக்கப்போகிறேன். சிகாதேலா அலைச்சறுக்கு வீரர்களுக்கான கடற்கரை, நீந்துவதற்கல்ல. சிபொலிதேயின் நீரோட்டம் பலரை இழுத்துப் போயிருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கரிசாலியோ போன்ற அடக்கமான குடாவுக்குப் போங்கள். கொடி சிவப்பென்றால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். புயல் பருவம் மே முதல் நவம்பர் வரை. 2022 மே 30இல் அகதா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பக்கத்து எஸ்கோபியா கரைக்கு முட்டையிட வரும் ஆமைகள், சென்னைக் கரைக்கும் வரும் அதே ஆலிவ் ரிட்லி ஆமைகள். உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போங்கள், டார்ச் அடிக்காதீர்கள்.

ஊருக்கு என்ன கொண்டுவரலாம்?

மில்லில் அரைத்த சாக்லேட் வட்டுகள், காய்ந்த பசியா மிளகாய், மோலே விழுது. விழுதைத் திரவமாகக் கணக்கிட்டு விமான நிலையத்தில் கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி, பெரிய பெட்டியில் பழைய துணிகளுக்கு நடுவே வையுங்கள். எண்ணெய் எப்படியும் கொஞ்சம் கசியும்.